பூனைப் போர்வையில் கீரிச்சம்பா

எங்கள் வீட்டுப் பூனைக்கு ஓர் இங்கிலிஷ் பெயர் இருக்கிறது. மருமகள் வைத்தது. என் வாயில் அது சரியாக வராது, வரவைக்க நான் மினக்கெட்டதும் இல்லை. "இஞ்ச வா" என்றால் வரும். வந்துகொண்டிருந்தது என்றுதான் எழுத வேண்டும். சம்பந்தியம்மா சிட்னியிலிருந்து வந்து இறங்கும் வரைக்கும் வந்துகொண்டிருந்தது.

நான் கனக்கப் படித்தவள் இல்லை. தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், ஆறுதலாக எழுதுவேன். இங்கிலிஷில் ஆட்கள் கதைத்தால் பாதி விளங்கும், திருப்பிச் சொல்ல வராது. ஆனால் மெல்பேர்னில், மல்கிரேவில் என் மகன் வீட்டில் எந்த அலுமாரியில் எந்தச் சாமான் இருக்கிறது, யார் என்ன சாப்பிட்டார், யார் சாப்பிடாமல் போனார் என்று என்னைக் கேட்டால்தான் தெரியும். அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

பூனை வேண்டாம் என்று முதலில் சொன்னவள் நான்தான். மருமகள் கேட்கவில்லை. வீடில்லாத பூனைகளை வைத்துப் பார்க்கிற இடம் ஒன்றுக்குப் போய், சாம்பல் நிறத்தில், ஒரு முன்னங்கால் மட்டும் வெள்ளையாக இருந்த இதைக் கொண்டுவந்தாள். அதோடு சட்டங்களும் வந்தன. பூனையை வெளியே விடக் கூடாது. கடையில் வாங்கும் பூனைச் சாப்பாட்டைத் தவிர வேறு ஒன்றும் கொடுக்கக் கூடாது. எங்கள் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து ஒரு துண்டு மீன்கூடக் கூடாது.

"மாமி, பாவம் எண்டு நினைச்சுக் குடுத்துப் போடாதேங்கோ. பிறகு வயித்துக்குள்ள பிரச்சினை வந்திடும்" என்றாள்.

"நான் ஏன் குடுக்கப்போறன்? எனக்கும் பூனைக்கும் என்ன கதை?" என்றேன்.

கதை இல்லைதான். ஆனால் காலையில் மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு வீட்டில் மூச்சு விடுவது நாங்கள் இரண்டு பேரும்தான். குளிர் காலத்தில் நிலத்தில் உள்ள ஓட்டையால் ஹீற்றரின் சூட்டுக் காற்று வரும். அந்த ஓட்டைக்குப் பக்கத்தில்தான் என் கதிரை. முதலில் பூனை ஓட்டைக்கு மேலே படுத்தது. பிறகு என் காலடியில் படுத்தது. பிறகு ஒருநாள் கேட்காமல் பறையாமல் மடியில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்துவிட்டது. நான் அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கீரையை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு அதன் முதுகில் வைத்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான். நான் மீன் வெட்டும்போது காலைச் சுற்றிக் கத்தும். ஒரு செதிள்கூட நான் கொடுத்ததில்லை. சட்டம் என்றால் சட்டம். சாப்பாடு காட்டி மயக்காமல் தானாக என்னிடம் வந்த சீவன் என்று எனக்குள் ஒரு இறுமாப்பு இருந்தது. மகன் வேலையால் வந்து கூப்பிட்டால் திரும்பியும் பார்க்காது. என் மடியில் கிடந்தபடி ஒரு காதை மட்டும் அசைக்கும்.

"அம்மா, நீங்கள் என்னவோ வசியம் செய்துபோட்டியள்" என்பான். நான் மறுத்ததில்லை.

சம்பந்தியம்மா என்று எழுதினேன். அவர் மருமகளின் தாய். சிட்னியில், வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குக் கிட்ட இருக்கிறார். அங்கே அவரின் குளியலறையை உடைத்துப் புதிதாகக் கட்டுகிறார்கள் என்று, வேலை முடியும் வரை மகளோடு இருக்க வந்தார். ஊரில் கந்தோரில் மேசையில் இருந்து வேலை பார்த்தவர். இங்கிலிஷ் படபடவென்று வரும். ஆளும் நல்ல தசைப்பிடிப்பு. கதை என்றால் ஓயாத கதை. பல் தீட்டும்போது மட்டும்தான் நிறுத்துவார். என்னைவிட வயது குறைவு என்பதால் என்னை அக்கா என்பார். நல்ல மனுஷி. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பிறகு எழுத மனம் வராது.

வரும்போது ஒரு பையில் கீரிச்சம்பா கொண்டுவந்தார், சின்ன மணியான வெள்ளை அரிசி. எங்கள் வீட்டில் சிவப்புக் குத்தரிசிதான். மகனுக்குச் சீனி வருத்தம் என்று டொக்டர் சொன்னதிலிருந்து வெள்ளைச் சோறு வீட்டுக்குள் வருவதில்லை.

"எனக்குக் குத்தரிசி சமிக்காது அக்கா. ஒரு சின்னச் சட்டியில வேறையா எனக்கு வைச்சுக்கொள்ளுறன். உங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்லை" என்றார்.

என் குசினியில் இன்னொருவருக்கு வேறு சட்டி. கரைச்சல் இல்லையாம்.

வந்த அன்றே பின்னேரம் மகன் சொன்னான், "அம்மா, மாமிக்கு முழங்கால் ஏலாது. அந்தச் சூட்டுக்குப் பக்கத்துக் கதிரையைக் குடுங்கோவன்." எழுந்தேன். அவர் இருந்தார். அவர் இருந்து சேலையைச் சரிசெய்ய முதல் பூனை ஓடிவந்து மடியில் ஏறிவிட்டது.

"பாருங்கோ அக்கா, பூனைக்கு ஆளைத் தெரியுது!"

"அதுக்கு ஆளை எங்க தெரியும்? கதிரையைத்தான் தெரியும்."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த நாள் அவர் எழும்ப முதல் போய்க் கதிரையில் இருந்துகொண்டேன். என் மடி எலும்பு என்பது எனக்குத் தெரியும், அதனால் ஒரு சால்வையை மடித்துப் போட்டு மெத்தென்று ஆக்கியும் வைத்தேன். பூனை வந்தது. என்னைப் பார்த்தது. என்னைக் கடந்து போய், சம்பந்தியம்மாவின் அறைக் கதவுக்கு முன்னால் குந்தியது. கதவு திறந்ததும் உள்ளே போனது. உள்ளே அவர் அதோடு இங்கிலிஷில் கொஞ்சுவது எனக்குக் கேட்டது. என்னோடு தமிழில் வளர்ந்த பூனை.

பிறகு அது முழுதாகவே அந்தப் பக்கம். அவர் கட்டிலில் சாய்ந்துகொண்டு, சிட்னியில் உள்ள சிநேகிதிகளோடு போனில் நெடுநேரம் கதைப்பார். பூனை அவரின் வயிற்றில் படுத்து, அந்தக் கதைச் சத்தத்தில் நித்திரை கொள்ளும். அவர் கதையை நிறுத்தினால் தலையைத் தூக்கிப் பார்க்கும், தொடங்கினால் திரும்பப் படுக்கும். என் அறைக்கும் அவரின் அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். பூனை சந்தோஷத்தில் தொண்டைக்குள் உருட்டுகிற அந்தச் சத்தம் சுவரால் வரும். வந்ததோ வரவில்லையோ, எனக்குக் கேட்டது. என் கலியாண வாழ்க்கையில் ஒருநாள்கூடப் பட்டிராத பொறாமையை ஒரு பூனைக்காகப் பட்டேன்.

"என்ன அக்கா, முகம் வாடிக் கிடக்கு? பூனை இஞ்சால வந்திட்டுது எண்டோ?"

"பூனைக்கு ஆர் முகம் வாடுவினம்? பருப்பு அடிப்பிடிச்சுப் போச்சு, அதுதான்."

பருப்பு அடிப்பிடிக்கவில்லை. என் கையால் வைத்த பருப்பு ஒருநாளும் அடிப்பிடித்ததில்லை.

அந்த நாட்களில்தான் எங்கள் தெருவில் பழைய சாமான் எடுக்கிற முறை வந்தது. பாவித்து முடிந்த கட்டில், சோபா, மேசை எல்லாவற்றையும் வீட்டுக்கு முன்னால் புல்லில் வைத்துவிட்டால் கவுன்சில் லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகும். லொறி வர முதல் பிடித்ததை அக்கம்பக்கத்தார் எடுத்துக்கொண்டு போவார்கள். எங்கள் ஆட்கள் பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டு போவார்கள். நான் நின்றே பார்ப்பேன். காலையில் நடக்கப் போனபோது மூலை வீட்டுக்கு முன்னால் ஒரு பூனை வீடு இருந்தது. கம்பளம் சுற்றின ஒரு தூண், அதற்கு மேலே வட்டமான பெட்டி, பெட்டிக்குள் மெத்தை. இதே மாதிரி ஒன்றை மருமகள் கடையில் தூக்கிப் பார்த்து, விலையைக் கண்டதும் திரும்ப வைத்துவிட்டு வந்தது எனக்கு ஞாபகம் இருந்தது.

இழுத்துக்கொண்டு வந்தேன். வழியில் நாயோடு போன வெள்ளைக்காரர் ஒருவர் உதவி வேண்டுமா என்று கேட்டார். "நோ, தாங்க்யூ" என்றேன். என் பூனையை நான் திருப்பி எடுக்கப் போகிறேன், அதற்கு வேறு ஆளின் கை எதற்கு?

பின்வளவில் வைத்துத் தட்டினேன். உள்ளே பழைய பூனை மயிர் சுருண்டு கிடந்தது, தும்புத்தடியால் கூட்டினேன். வெயிலில் வைத்தேன். மெல்பேர்ன் வெயில் எப்படிப்பட்டது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். இருக்கிற மாதிரி இருக்கும், சூடு மட்டும் இராது. பின்னேரம் தூக்கிவந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.

பூனை வந்தது. மணந்து பார்த்தது. ஏறியது. உள்ளே சுருண்டு படுத்து, வெள்ளைக் காலை மட்டும் வெளியே தொங்கவிட்டது. நான் கட்டிலில் இருந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் சொதி பொங்கிவிட்டதும் தெரியவில்லை.

சம்பந்தியம்மா தேடிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். "ஆ, அக்கா மாளிகையே கட்டிக் குடுத்திட்டா! இனி ஏழையளின்ர பக்கம் ஆர் திரும்பிப் பாப்பினம்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சிரிப்பு முழுதாக வரவில்லை. அதைக் கண்டதில் எனக்கு வயிறு நிறைந்தது.

மருமகள் வேலையால் வந்து பார்த்தாள். "மாமி, இது எங்கால?"

"றோட்டுக்கரையில கிடந்தது. நல்ல சாமான். கிழியேல்லை, உடையேல்லை."

"கழுவினீங்களோ?"

"வெயிலில வைச்சனான்."

அவளுக்கு அன்று களை. அதற்கு மேல் கேட்கவில்லை.

சில மத்தியானங்கள் பூனை என் அறையில் கிடந்தது. அவ்வளவுதான். புதுமை போனதும் பழையபடி அந்தக் கதைச் சத்தத்தைத் தேடிப் போய்விட்டது. பெட்டி வெறுமையாக நின்றது. அதற்குப் பிறகு பூனை அடிக்கடி கழுத்தைச் சொறிந்தது, வாலடியைக் கடித்துக் கடித்து நக்கியது. நான் கண்டேன். சம்பந்தியம்மாவின் முகப்பவுடர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லையாக்கும் என்று நினைத்து, அதிலும் ஒரு சந்தோஷம் பட்டேன்.

கொஞ்ச வாரம் போன பிறகு ஒருநாள் தோய்ப்பதற்கென்று பூனையின் போர்வையை எடுத்தேன். சம்பந்தியம்மாவின் கட்டிலில் கால்மாட்டில் அது படுக்கிற சின்னக் கம்பளிப் போர்வை. உதறினேன். பொலபொலவென்று சோற்றுப் பருக்கை விழுந்தது.

குனிந்து பார்த்தேன். காய்ந்த பருக்கை. சின்னது, உருண்டது, வெள்ளையும் மஞ்சளுமாக இருந்தது. எங்கள் குத்தரிசி என்றால் பருமனாக இருக்கும், சிவப்பும் தெரியும். அரிசியைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. இது கீரிச்சம்பா. இந்த வீட்டில் கீரிச்சம்பா சாப்பிடுவது ஒரே ஓர் ஆள்.

எல்லாம் விளங்கியது. நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு ஒரு மீன் செதிளைக்கூடப் போடாமல் இருக்க, கந்தோரில் வேலை பார்த்த மனுஷி கதவைச் சாத்திவிட்டுப் பூனைக்குச் சோறு தீத்துகிறார். கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆறுதல். பூனை அவரைத் தேடிப் போகவில்லை, சோற்றைத் தேடித்தான் போயிருக்கிறது. அவரின் மடியும் கதையும் கொஞ்சலும் ஒன்றும் இல்லை, வெறும் சோறு.

பருக்கைகளைப் பொறுக்கி ஒரு தேத்தண்ணித் தட்டில் போட்டு, என் அறை அலுமாரிக்குள் வைத்தேன். பிறகும் கட்டிலில் கண்டால் பொறுக்கிச் சேர்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லாரையும் சாப்பிடக் கூப்பிடுகிற நேரத்தில், சோபாவில் பூனை படுத்து எழும்பின இடத்தில் இன்னொன்று கிடந்தது. இது ஈரமாக, மெதுவாக இருந்தது. இப்போதுதான் ஊட்டியிருக்கிறார் என்று அதையும் விரலால் எடுத்துத் தட்டில் போட்டு, தட்டோடு மேசைக்கு வந்தேன்.

"பிள்ளை, பூனைக்குச் சோறு குடுக்கலாமோ?" என்று மருமகளைக் கேட்டேன்.

"கூடாது மாமி. ஏன், குடுத்தனீங்களோ?"

"நான் குடுக்கேல்லை. குடுக்கிறவையைக் கேள்."

சம்பந்தியம்மா கறிக் கரண்டியோடு நிமிர்ந்தார். "அக்கா, என்னையே சொல்லுறியள்?"

"நான் ஒருத்தரையும் சொல்லேல்லை. இந்த வீட்டில கீரிச்சம்பா ஆர் தின்னுறது எண்டு இந்த அரிசியைக் கேளுங்கோ." தட்டை நடுமேசையில் வைத்தேன். "எல்லாம் உங்கட கட்டிலில பொறுக்கினது."

"பிள்ளையாராணை நான் ஒரு பருக்கை குடுக்கேல்லை!"

"அம்மா, சாப்பிடேக்க இதென்ன கதை?" என்றான் மகன்.

"அப்ப சோறு தானா நடந்து போனதோ கட்டிலுக்கு?" என்றேன்.

அந்த நேரம் பார்த்துத் தட்டில் ஒரு பருக்கை நடந்தது.

நடந்தது என்றால், நீண்டது. நீண்டு, சுருங்கி, பக்கத்துப் பருக்கையை இடித்துக்கொண்டு நின்றது. பிறகு மறுபடியும் நீண்டது. மகனின் கை சோற்றோடு வாய்க்குக் கிட்ட நின்றுவிட்டது.

"மாமி, இது சோறில்லை! புழு! ரேப்வேர்ம்!" மருமகள் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள்.

நாடாப்புழு. பூனையின் குடலுக்குள் நாடா மாதிரி நீளமாக இருந்துகொண்டு, துண்டு துண்டாகக் கழன்று பின்பக்கத்தால் வெளியே விழுமாம். விழுந்து காய்ந்தால் அச்சு அசல் அரிசி. நான் பருக்கை என்று விரலால் பொறுக்கியது அதைத்தான். போய்க் குசினியில் கை கழுவினேன். சவர்க்காரம் போட்டுக் கழுவினேன், மஞ்சள் போட்டுக் கழுவினேன், பிறகு கோப்பை கழுவுகிற சோப்புத் தண்ணீரையும் ஊற்றிக் கழுவினேன். முதுகுக்குப் பின்னால் சம்பந்தியம்மாவின் குரல் கேட்டது.

"அக்கா, அரிசியைக் கேட்டியளே. அரிசி என்ன சொல்லிச்சு?"

அன்றைக்கு அந்த வீட்டில் ஒருவரும் சோறு சாப்பிடவில்லை. எல்லாருக்கும் பாணும் பட்டரும்தான். பூனை மட்டும் தன் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுச் சம்பந்தியம்மாவின் மடியில் போய்ப் படுத்தது. சோறு கொடுக்காமலே அவரிடம் போயிருக்கிறது. புழுவைவிட அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

அடுத்த நாள் மருமகள் லீவு போட்டுவிட்டு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனாள். "நான் வந்தால்தான் அது பயப்பிடாது" என்று சம்பந்தியம்மா வெளிக்கிட்டார். அப்படியென்றால் நானும் போகத்தான் வேண்டும். காரில் பின்சீற்றில் நாங்கள் இருவரும், நடுவில் பெட்டிக்குள் பூனை. அது குழந்தைப்பிள்ளை மாதிரிக் கத்தியது. அவர் பெட்டிக்குக் கிட்ட வாயை வைத்து என்னவோ கதைத்தார். கத்தல் நின்றது. நான் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு போனேன்.

காத்திருக்கிற இடத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி, கன்றுக்குட்டி அளவு நாயோடு இருந்தார். சம்பந்தியம்மா உடனே சிநேகம் பிடித்துவிட்டார். அந்த நாய்க்கும் ஒருமுறை இதே புழு வந்ததாம். குளிசையைச் சீஸ் துண்டுக்குள் வைத்துக் கொடுத்தால் நாய் மெல்லாமலே விழுங்கிவிடுமாம். பூனையா, கடவுள்தான் காப்பாற்ற வேண்டும் என்று அந்தக் கிழவி சிரித்தார். சம்பந்தியம்மாவும் மருமகளும் சேர்ந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு விளங்காமல் இல்லை.

மிருக வைத்தியர் ஒரு இளம் பெண். நான் மூடிப் போத்தலில் போட்டுக் கொண்டுபோன பருக்கைகளைப் பார்த்து, கொண்டுவந்தது நல்லது என்றார். அந்த அளவு இங்கிலிஷ் எனக்கு விளங்கும். சம்பந்தியம்மாவைத் திரும்பிப் பார்த்தேன், அவர் கேட்டாரா என்று. பிறகு அந்தப் பெண் பூனையின் மயிரைச் சின்னச் சீப்பால் வாரி, வந்த கறுப்புத் தூளை ஈரக் கடுதாசியில் தட்டினார். தூள் ஊறிச் சிவப்பானது. அது தெள்ளுப் பூச்சியின் எச்சமாம். அந்தச் சிவப்பு பூனையின் இரத்தம்.

அவர் சொன்னதை மருமகள் எனக்குத் தமிழில் சொன்னாள். இந்தப் புழு தெள்ளுக்குள் இருந்துதான் வருகிறது. பூனை தன்னை நக்கும்போது தெள்ளையும் விழுங்கும், விழுங்கினால் குடலுக்குள் புழு வளரும். நாய்க்கும் அப்படித்தான். புழுவைக் கொல்லக் குளிசை இருக்கிறது. ஆனால் தெள்ளை விட்டுவிட்டுப் புழுவுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் புழு திரும்ப வரும். அதனால் மாதத்துக்கு ஒருமுறை பிடரியில் தெள்ளு மருந்து விட வேண்டும், போர்வைகளை எல்லாம் கொதி தண்ணீரில் தோய்க்க வேண்டும், கம்பளங்களை மெசினால் உறிஞ்சி எடுக்க வேண்டும். கையால் தொட்டதால் மனிதருக்கு வராது. தெள்ளை விழுங்கினால்தான் வரும். அதைக் கேட்ட பிறகுதான் என் விரல் எனக்குச் சொந்தமானது.

அடுத்ததாக அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்டார். வெளியே போகாத பூனைக்குத் தெள்ளு எங்கேயிருந்து வந்தது? வீட்டுக்குள் புதிதாக ஏதும் வந்ததா?

இதை மருமகள் மொழிபெயர்க்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. பெட்டிக்குள் சுருண்டு கிடந்த பழைய மயிர் கண்ணுக்கு முன்னால் வந்தது. மருமகளின் தலை மெதுவாக என் பக்கம் திரும்பியது.

அதற்குள் சம்பந்தியம்மா பேசத் தொடங்கிவிட்டார். தான் சிட்னியிலிருந்து ஒரு பழைய போர்வை கொண்டுவந்ததாகவும், அதில்தான் பூனை எப்போதும் படுப்பதாகவும், அதிலிருந்துதான் வந்திருக்கும் என்றும் இங்கிலிஷில் ஆறுதலாகச் சொன்னார். வைத்தியர் தலையாட்டினார். மருமகளும் தாயைப் பார்த்து, "அம்மா, நீங்களே?" என்றாள்.

அவரின் போர்வை எனக்குத் தெரியும். அது புதிது. பிளாஸ்ரிக் உறையை வெட்டிப் பிரித்துக் கொடுத்ததே நான்தான்.

நன்றி சொல்ல வேண்டிய இடம் அது. ஆனால் எனக்கு வந்தது எரிச்சல். கதிரையை எடுத்தார், பூனையை எடுத்தார், இப்போது என் பிழையையும் எடுத்துக்கொண்டு பெரிய மனுஷியாக நிற்கிறார். எனக்கென்று எதைத்தான் விட்டுவைப்பார்? வரும்போது காரில் நான் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அவரும் கதைக்கவில்லை. அவர் கதைக்காமல் வந்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பூனை வீட்டைத் தூக்கப் போனேன். தனியாகத்தான் தூக்கியிருப்பேன். அவர் வந்து மறுபக்கத்தைப் பிடித்தார். முழங்கால் ஏலாத மனுஷி. வேறு ஒருவரும் எடுத்துக்கொண்டு போகாமல் இருக்க அதைப் பெரிய கறுப்புப் பைக்குள் போட்டுக் கட்டினோம்.

"நல்ல சாமான்தான் அக்கா. பூனைக்குக் குடுத்துவைக்கேல்லை" என்றார்.

"ஓம்" என்றேன். பையின் வாய்க்கு இன்னொரு முடிச்சுப் போட்டேன்.

பூனை வைத்தியரிடம் சீறியதால் குளிசையை வீட்டில் வைத்துக் கொடுக்கச் சொல்லித் தந்திருந்தார்கள். சம்பந்தியம்மா ரின்னில் அடைத்த மீனுக்குள் வைத்துப் பார்த்தார். மீனைத் தின்று, குளிசையை நக்கித் துடைத்து வைத்துவிட்டுப் போனது. பட்டரில் உருட்டிப் பார்த்தார். பட்டர் போனது, குளிசை நின்றது. கடைசியில் இரண்டு பேருமாகச் செய்தோம். நான் அதைக் குளித்துத் துடைக்கிற துவாயால் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரிய, மடியில் இறுக்கிப் பிடித்தேன். அவர் வாயைத் திறந்தார்.

"விடாதேங்கோ அக்கா! கையை விட்டிடாதேங்கோ!"

"நான் விடேல்லை, நீங்கள் கெதியாப் போடுங்கோ! அதோட கதைச்சு என்ன காணப்போறியள்?"

"தொண்டையடிக்குப் போகோணும். பொறுங்கோ... பொறுங்கோ... போட்டுது!"

எத்தனையோ நாளுக்குப் பிறகு அது என் மடியில் இருந்தது. துவாய்க்குள் கட்டுண்டு, என்னை முறைத்துக்கொண்டு. விட்டதும் ஒரே பாய்ச்சலில் கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. பின்னேரம் வெளியே வந்து சம்பந்தியம்மாவிடம் போனது. வாயைத் திறந்தவரை அது மன்னித்துவிட்டது. பிடித்தவளைத்தான் மன்னிக்கவில்லை.

சிட்னியில் குளியலறை முடிந்தது. அவர் வெளிக்கிட்ட காலை பூனை சூட்கேசின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது, தூக்கி இறக்க வேண்டியிருந்தது. "போட்டு வாறன் அக்கா. பிள்ளையைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றார். பிள்ளை என்றது பூனையை. கார் போனதும் கதிரையில் இருந்தேன். கதிரையும் என்னுடையது, சூடும் என்னுடையது, குசினியில் ஒரே சட்டி. பூனை போய் அந்த அறையின் மூடின கதவுக்கு முன்னால் படுத்தது. நான் "இஞ்ச வா" என்றேன். காதுகூட அசையவில்லை. நான் கிட்டப் போனால் துவாய் கொண்டுவருகிறேனோ என்று கையைப் பார்த்தது. நாள் முழுக்க அங்கேயே கிடந்தது. அடுத்த நாளும் அப்படித்தான்.

அவர் சிட்னி போய்ச் சேர்ந்து, சுகம் விசாரிக்க என் போனுக்கு எடுத்தார். எனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் மகன் அதைச் சத்தமாக வெளியே கேட்கிற மாதிரி வைத்துத் தந்திருக்கிறான். கையில் வெங்காயம் இருந்தபடியால் போனை மடியில் வைத்துக்கொண்டு கதைத்தேன். புதுக் குளியலறையின் தண்ணீர்க் குழாய் பற்றி அவர் சொல்லிக்கொண்டிருந்தார். கதவடியில் கிடந்த தலை நிமிர்ந்தது. பூனை எழுந்து, உடம்பை நீட்டி, மெதுவாக வந்தது. போனை மணந்தது. பிறகு என் மடியில் ஏறி, போனுக்குப் பக்கத்தில் கன்னத்தை வைத்துப் படுத்தது.

நான் அசையவில்லை. அவர் குழாய்க் கதையை முடிக்கப் பார்த்தார். "சரி அக்கா, அப்ப வைக்கட்டே?"

"என்ன அவசரம்? வெளிச்சம் எப்பிடி? யன்னல் வைச்சவங்களோ?" என்றேன்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் மகனும் மருமகளும் போன கையோடு நானே எடுப்பேன். அவரும் காத்துக்கொண்டிருப்பார் போல, உடனே எடுப்பார். நான் கேள்வி கேட்பேன், அவர் கதை சொல்லுவார். "சம்பந்தியும் சம்பந்தியும் இவ்வளவு வாரப்பாடா நான் எங்கயும் காணேல்லை" என்று மகன் ஆட்களிடம் சொல்லிப் பெருமைப்படுகிறான். பட்டுக்கொள்ளட்டும். போனை வைத்தால் பூனை இறங்கிப் போய்விடும் என்பது அவனுக்குத் தெரியாது.

போன கிழமை தெள்ளு மருந்து விடுகிற நாள் வந்தது. மருந்துப் பெட்டியில் உள்ள எழுத்து எனக்கு வாசிக்க வராது, படம் இருக்கிறது. பூனையின் பிடரியில் மயிரை விலக்கி, சின்னக் குழாயால் தோலில் விடுவது. இது தவறினால் தெள்ளு வரும், தெள்ளு வந்தால் புழு வரும். அதை மருமகள் தன் கையால் செய்கிறேன் என்றாள். நான் விடவில்லை. குழாயின் முனையை உடைத்து வலது கையில் மறைத்து வைத்துக்கொண்டு, இடது கையால் சிட்னிக்குப் போன் எடுத்தேன். பூனை வந்து ஏறியது.

"ஏதும் கதையுங்கோ" என்றேன்.

"இதென்ன அக்கா, நீங்கள் எடுத்துப்போட்டு என்னைக் கதைக்கச் சொல்லுறியள்?"

"கோயிலடியில ஆரோடயோ சண்டை எண்டியளே. அதை முதல்ல இருந்து சொல்லுங்கோ. ஒண்டும் விடாமல்."

அவர் தொடங்கினார். செருப்பு வைக்கிற இடத்தில் தொடங்கின சண்டை அது, நல்ல நீளம். நான் பிடரி மயிரை விலக்கி, மருந்து முழுவதையும் விட்டேன். அந்தக் கதைச் சத்தத்தில் பூனை கண்ணையும் திறக்கவில்லை. தொண்டைக்குள் உருட்டத் தொடங்கியது. இந்தத் தரம் சுவரால் இல்லை, என் முழங்கால் எலும்பால் கேட்டது.

போனுக்குள்ளும் கேட்டிருக்க வேண்டும். சண்டையை நடுவில் நிறுத்தி, "அக்கா, பூனை எங்க?" என்றார்.

"இஞ்சதான். என்ர மடியில."

"என்ர குரலுக்கு வந்ததோ?"

"சூட்டுக்கு" என்றேன்.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அது இன்னும் கொஞ்சம் சுருண்டது. "சரி, பிறகு அவ என்ன சொன்னவ?" என்று கேட்டுவிட்டு, போனைப் பூனையின் காதுக்குக் கிட்ட நகர்த்தி வைத்தேன்.